வெள்ளிக்கிழமை வெட்டிய பின்னல்

செம்பவாங்,
4-3-1957, திங்கள்

பூவம்மா அண்ணி அவர்களுக்கு,

வழக்கம்போல ‘அன்புள்ள’ என்று தொடங்கிவிட்டுப் பிறகு அந்தச் சொல்லை அடித்திருக்கிறேன். அடித்தது உங்கள் கண்ணில் படவேண்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

நேற்று கெர்போ ரோட்டில் உங்கள் வீட்டுப் படியேறி வந்தேன். கதவோரம் நின்ற பிள்ளையை எதிர் அறைப் பையன் என்று நினைத்து, “தள்ளி நில்லு தம்பி” என்றேன். அது “அப்பா” என்றது. பெற்ற மகளைப் பார்த்துத் தம்பி என்று சொன்ன தகப்பன் சிங்கப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதற்காக நான் படியில் நின்று போட்ட சத்தம் போதாது என்பதால் இந்தக் கடிதம்.

அண்ணி, எழிலரசியின் முடி இடுப்பைத் தொட்டது. உங்கள் தங்கை தையல்நாயகி ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில்கூட, நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு, அந்த முடியைப் பின்னி ரிப்பன் கட்டிவிட்டுத்தான் போனாள். திரும்பி வரவில்லை. இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் நான் வந்து பார்த்தது என் மகளை மட்டுமல்ல. இதற்குமேல் எழுதினால் நான் எழுத நினைத்த கோபம் வேறு பக்கம் போய்விடும்.

பேன் வந்தால் பேனைத்தானே எடுக்கவேண்டும். தலையையே எடுத்த மாதிரி செய்திருக்கிறீர்கள். அதுவும் வெள்ளிக்கிழமை. ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் வீட்டுக்குக் கீழே மளிகைக் கடையில் டெலிபோன் இருக்கிறது. நான் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்க்கும் ஸ்டோரிலும் இருக்கிறது.

வரும் ஞாயிறு டாக்ஸியோடு வருகிறேன். எழிலரசி இனி என்னோடு இருப்பாள். அவளுடைய உடுப்பு, புத்தகம், வெட்டிய பின்னல் எல்லாவற்றையும் கட்டி வையுங்கள். பின்னல் முக்கியம்.

மருதப்பன்


கெர்போ ரோடு,
6-3-1957, புதன்

தம்பி மருதப்பனுக்குப் பூவம்மா எழுதுவது.

நீங்கள் அடித்த சொல் தெரிந்தது. உங்கள் சகலையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “கோடு நேரா இருக்குது, ஸ்கேல் வெச்சு அடிச்சிருக்காரு” என்றார். கோபத்தில் ஸ்கேல் தேடுகிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன்.

நீங்கள் படிக்கட்டில் நின்று பேசியது முழு வீட்டுக்கும் கேட்டது. பத்து அறைக்காரர்களும் விளக்கம் கேட்கிறார்கள். எதிர் அறை ஜரீனா சொல்கிறாள்: “என்னா பூவக்கா, உங்க தங்கச்சி வூட்டுக்காரரு மேடையிலதான் பேசுவாருன்னு நெனச்சேன். ரொம்ப நல்லா பேசறாரு லா, ஆனா தண்ணிகூட குடிக்காம போய்ட்டாரே.”

இப்போது என் முறை.

தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில் எழில் தலையில் பேன் வந்தது. வேப்பெண்ணெய் தேய்த்தேன். கர்ப்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் தேய்த்தேன். சீனன் கடையில் சோக்கா, புளிக்காடிதான், வாங்கித் தலை முழுக்க ஊற்றித் துண்டு கட்டினேன், பிள்ளை ஒரு நாள் முழுக்க ஊறுகாய் மாதிரி மணத்தாள். சீத்தாப்பழக் கொட்டையை அரைக்கச் சொன்னாள் ஜரீனா. கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். மண்ணெண்ணெய் வைக்கலாமா என்று கேட்டால், நெருப்புப் பிடிக்கும் என்று எழுதினீர்கள். கொசு மருந்துப் பவுடர் போடலாமா என்றால், விஷம் என்று எழுதினீர்கள். அதெல்லாம் சரி. கொஞ்சம் குட்டையாக வெட்டலாமா என்று தை மாதம் கேட்டேன். அதற்கு மட்டும் பதிலே எழுதவில்லை. ஆக, கேட்டேனா கேட்கவில்லையா?

மிச்சம் இருந்தது பேன்சீப்பும் என் பத்து விரலும்தான். மத்தியானம் படிக்கட்டில் ஒருத்திக்குக் கீழே ஒருத்தியாக உட்கார்ந்து தலை பார்ப்போம். செவ்வாய், வெள்ளி பார்க்கமாட்டோம், விளக்கு வைத்த பிறகும் பார்க்கமாட்டோம். எங்கள் வழக்கம் அப்படி. பேனுக்கு வாரம் இரண்டு நாள் லீவு விட்டால் அது என்ன செய்யும் என்று எனக்கும் இப்போது தெரிகிறது. அந்த முட்டாள்தனம் என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பள்ளியில் டீச்சர் எழிலைத் தனியாகக் கதவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். தலை சுத்தமானால்தான் திங்கட்கிழமை வரலாம் என்று சீட்டுக் கொடுத்து அனுப்பினார். நான் வெட்டினேன். ரவிக்கை தைக்கிற கத்தரியால் நானே வெட்டினேன். வெள்ளிக்கிழமை பேன்கூடக் குத்தாதவள் நான். எனக்குப் பாவமில்லாத வெள்ளிக்கிழமை உங்களுக்கு எப்படிப் பாவமானது? நாள் பார்க்கிறவன் மூடன் என்று மேடை ஏறிச் சொல்கிறவர் நீங்கள்தானே.

பின்னல் கேட்டீர்கள். பின்னல் இல்லை. நுனி முதல் அடி வரை ஈர். அடுப்பில் போட்டேன். படபடவென்று வெடித்தது. அது என் தங்கை பின்னிப் பார்த்த முடி என்று எனக்குத் தெரியாதா? உங்களுக்கு அவள் எட்டு வருஷம் பெண்டாட்டி. எனக்கு இருபத்தேழு வருஷம் தங்கை. அவள் தலையிலும் நான்தான் பேன் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கூட்டிப் போங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். முடியைப் பற்றி எழிலிடம் எதுவும் கேட்டு நோண்டாதீர்கள். திட்ட வேண்டியதை எனக்கு எழுதித் திட்டுங்கள். பத்து பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள்.

பூவம்மா


செம்பவாங்,
13-3-1957, புதன்

பூவம்மா அண்ணி அவர்களுக்கு,

ஞாயிறன்று நீங்கள் கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குள் போனவர், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. எழிலரசி டாக்ஸியில் உட்லண்ட்ஸ் திருப்பம் வரும்வரை திரும்பிப் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். இதை உங்கள் வெற்றியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுப்பில் போட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் ஒரு தடவைதான் படித்தேன். இனி அதைப் பற்றிப் பேசமாட்டேன், உங்களையும் மன்னிக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டீர்கள். நான் நாள் பார்க்கிறவன் அல்ல. நாள் பார்க்கிற நீங்களே அந்த நாளில் வெட்டினீர்கள் என்றால் எவ்வளவு அவசரம், எவ்வளவு அலட்சியம் என்று சுட்டிக்காட்டவே எழுதினேன். இந்த வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை.

இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். தினமும் கார்பாலிக் சோப்புப் போட்டுத் தலை குளிப்பாட்டுகிறேன். என் குவாட்டர்ஸில் படிக்கட்டு மாநாடு கிடையாது, எதிர் அறை ஜரீனா கிடையாது, பேனும் கிடையாது. பள்ளிவிட்டு வந்து நான் ஐந்து மணிக்கு வரும்வரை கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு தொந்தரவும் இல்லை. கேட்டால்தான் பேசுகிறாள். உங்கள் வீட்டில் இருந்தபோது இருந்த வாய் இப்போது இல்லை. வளர்ப்பு என்றால் இதுதான்.

அவளுடைய பச்சைக் கவுனை அனுப்ப மறந்துவிட்டீர்கள்.

மருதப்பன்


கெர்போ ரோடு,
20-3-1957, புதன்

தம்பிக்கு,

பச்சைக் கவுன் மறந்து போகவில்லை. வைத்துக்கொண்டேன். தரமாட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் சகலையிடம் சொன்னேன்: “எழில் பேசறதே இல்லையாம், அதுதான் வளர்ப்பாம்.” அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்த மனுஷன் சாப்பாட்டிலிருந்து கை எடுத்ததை ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்றுகூட நான் பார்த்ததில்லை.

அந்தப் பிள்ளை காலையில் பல் விளக்கும்போதே பேச ஆரம்பிப்பாள். நுரையோடு பேசுவாள். யார் வீட்டில் என்ன சமையல், எந்தப் பிள்ளை யாரோடு டூ விட்டது என்று எனக்கே தெரியாத சங்கதியெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். என் அறையிலேயே வளர்ந்து என்னைவிடப் பெரிய வம்புக்காரியாக வந்திருந்தாள். எனக்கு அதில் பெருமை. ஒன்பது வயசுப் பிள்ளை பத்து நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருத்தர் பெருமையாக எழுதுகிறார். வேகமாக எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று. இதைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். வாயை அடக்க எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

எழில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை செம்பவாங் வந்து உங்களோடு தங்கிவிட்டு ஞாயிறு மாலை வருவாள், இல்லையா? மார்கழியில் நான் அவள் தலையைச் சுத்தமாக எடுத்திருந்தேன். ஜரீனா வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, “ஒண்ணுகூட இல்லக்கா” என்று சத்தியம் செய்தாள். உங்களிடம் வந்து போனாள். அடுத்த வாரம் பேன். தை மாதமும் அப்படியே. மறுபடி சுத்தம், மறுபடி செம்பவாங், மறுபடி பேன். எங்கள் வீட்டு வாசலில் எல்லார் தலையையும் பார்த்தாயிற்று. பார்க்காத தலை ஒன்றே ஒன்றுதான். கழுத்துவரை சுருள் சுருளாகத் தொங்கவிட்டு, கிரீம் பூசி, மேடையில் ஒரு ஆட்டு ஆட்டுவீர்களே, அந்தத் தலை. பிள்ளை உங்கள் தலையணையில்தான் படுக்கிறாள்.

உங்கள் தலையை யார் பார்த்தார்கள், தம்பி? தையல் போன பிறகு யாராவது பார்த்தார்களா?

கோபம் வரும். வரட்டும். முதலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் குனிந்து சீவிப் பாருங்கள். பிறகு கோபப்படுங்கள்.

பூவம்மா


செம்பவாங்,
16-4-1957, செவ்வாய்

பூவம்மா அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். வெள்ளைத் துணியை விரிக்கவில்லை. கிரீம் பூசுகிற, நாளிதழ் படிக்கிற, நாலு பேர் கைதட்டுகிற தலையில் பேன் இருக்கமுடியாது என்று உறுதியாக நம்பினேன். இதற்குப் பெயர் மூடநம்பிக்கை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஏப்ரல் ஏழாம் தேதி எங்கள் சங்கக் கூட்டம். தலைப்பு ‘பழக்கமும் பகுத்தறிவும்’. உச்சக்கட்டத்தில் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். கையிலிருந்த தாளில் ஏதோ விழுந்தது. முன்வரிசையில் இருந்த செயலாளர் இராமசாமி குனிந்து பார்த்துவிட்டு, மைக்கில் விழும்படி, “மருதப்பன், உங்க பேப்பர்ல ஒண்ணு நடக்குது லா” என்றார். நடந்தது. இரண்டாம் பத்தியிலிருந்து மூன்றாம் பத்திக்குப் போயிற்று.

மறுநாள் காலை முடிதிருத்தும் கடைக்குப் போய் மொத்தமாக எடுக்கச் சொன்னேன். அவசரத்தில் நான் மறந்தது, அது பங்குனி உத்திரத்துக்கு முந்திய வாரம். ஸ்டோருக்குள் நுழைந்ததும், “என்ன வேண்டுதல், கிராணியாரே?” என்றார்கள். கேன்டீனில் எனக்குத் தனியாகச் சைவச் சாப்பாடு எடுத்து வைத்திருந்தார்கள். உத்திரத்தன்று காலை பக்கத்து வீட்டு அம்மாள் நான் தடுப்பதற்குள் என் தலை முழுக்கச் சந்தனத்தைப் பூசிவிட்டு, “கடைசியில மனசு மாறிட்டீங்களே” என்று கண் கலங்கினார். அந்தச் சந்தனத்தோடு இராமசாமி என்னைப் பார்த்துவிட்டார். இப்போது சங்கம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறது. பேன் என்று எழுதுவதா, முருகன் என்று எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் டைபாய்டு என்று எழுதினேன். அதையும் நம்பவில்லை.

இதெல்லாம் உங்கள் படிக்கட்டுக்கு ஒரு மாதத்துக்குக் காணும். சொல்லிச் சிரியுங்கள். நான் எழுத வந்தது வேறு.

மொட்டையோடு வீட்டுக்கு வந்த அன்று எழிலரசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவளாக ஒரு கேள்வி கேட்டாள்.

“நீங்களே வெட்டிக்கிட்டீங்களாப்பா?”

“கடையில வெட்டினாங்க. நான்தான் வெட்டச் சொன்னேன்.”

“உங்கள யாரும் ஏசலயா?”

“என் தலைதானே. யார் ஏசுவாங்க?”

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பிறகு சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும், நீங்கள் கீழே குழாயடியில் இருந்தபோது, உங்கள் கத்தரியை எடுத்து அவளே பின்னலை வெட்டிவிட்டாள். ஒரு பக்கம் காதோடு, ஒரு பக்கம் தோளோடு. நீங்கள் வந்து பார்த்து, உட்காரவைத்துச் சமமாக்கிவிட்டிருக்கிறீர்கள். “அப்பா அடிப்பாங்க, நீங்கதான் வெட்டுனீங்கன்னு சொல்லுங்க பெரியம்மா” என்று அவள் கேட்டிருக்கிறாள். நீங்கள் சொல்லிவிட்டீர்கள். எனக்கு எழுத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

நான் அவளை இதுவரை அடித்ததே இல்லை, அண்ணி. ஏன் அப்படி நினைத்தாள் என்று தெரியவில்லை. கேட்டேன். “நீங்க என் முடிய மட்டும்தான் பாப்பீங்க” என்றாள்.

அண்ணி, எனக்கு உங்கள்மேல் கோபம் போகவில்லை. இப்போது அதிகமாகியிருக்கிறது. என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு மாதத்துக்குமேல் தப்பான ஆளைத் திட்ட என்னை விட்டுவிட்டீர்கள். சரியான ஆள் யார் என்று யோசித்தால் அதுவும் பிடிக்கவில்லை.

இங்கேயே இருக்கிறாயா, கெர்போ ரோட்டுக்குப் போகிறாயா என்று அவளிடம் கேட்டேன். நான் எதிர்பார்த்த பதில் வரவில்லை. “பெரியம்மாவுக்குக் கோபம் வந்தா கத்துவாங்க, அப்புறம் சோறு போடுவாங்க. நீங்க கோபம் வந்தா பேசாம இருக்கீங்க. எப்ப முடியும்னே தெரியல” என்றாள்.

ஞாயிறன்று கூட்டி வருகிறேன். அவளை வைத்துக்கொள்வீர்களா?

மருதப்பன்


கெர்போ ரோடு,
18-4-1957, வியாழன்

தம்பி மருதப்பனுக்கு,

வைத்துக்கொள்வீர்களா என்று ஒரு கேள்வி. அந்த ஒரு வரிக்காகவே உங்களைப் படியில் நிற்கவைத்துக் கேட்க வேண்டும். ஐந்து வாரமாக அவள் பாயைச் சுருட்டாமல் போட்டுவைத்து, தாண்டித் தாண்டி நடந்து என் முட்டி வலிக்கிறது.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் தேடிய சொல் அதில் இல்லை. உங்கள் சகலையிடம் கொடுத்தேன். அவரும் தேடிவிட்டு, “எல்லாம் இருக்குது பூவு, அது மட்டும் இல்ல” என்றார். போகட்டும். பக்கம் பக்கமாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு மன்னிப்பு என்கிற சின்னச் சொல் வராது போலிருக்கிறது. எழிலிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாவிட்டால் பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்லாததற்கு நான் சாகும்வரை கோபமாக இருந்துகொள்கிறேன், அது எனக்குச் சிரமமில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். அன்று நீங்கள் போட்ட சத்தத்தை அந்தப் பிள்ளைமேல் திருப்பிவிட்டிருக்க வேண்டுமா? என்மேல் விழுந்தால் நான் திருப்பித் திட்டுவேன். அவள் என்ன செய்வாள்?

சில காரியங்கள். பழைய பள்ளி டீச்சரைப் போய்ப் பார்த்தேன். கதவுப் பக்கத்து இடமெல்லாம் கிடையாது, நடுவரிசை என்று பேசி முடித்தாயிற்று. எப்படிப் பேசினேன் என்று கேட்காதீர்கள், அடுத்த வகுப்புப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவள் உங்களிடம் வரட்டும், தனித் தலையணையோடு. முடி வளர்ப்பதா குட்டையாகவே இருப்பதா என்பதை அவள் சொல்வாள். நீங்களும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது. எனக்கு இது உங்களைவிடக் கஷ்டம். தையல் ஜாடை அந்தப் பின்னலில்தான் இருந்தது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்டிச் சமமாக்கிக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். காது தெரிந்தது. அது அப்படியே என் தங்கை காது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பின்னலை அடுப்பில் போட எனக்குத் தைரியம் வந்தது. நீங்கள் அந்தக் காதைப் பார்த்தீர்களா இல்லையா? இனியாவது பாருங்கள்.

இப்போது எழுதுவதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள், முந்தியதைக் கிழித்த மாதிரி.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் ஜரீனா ஓடி வந்தாள். சந்தனத்தைப் படித்துக் காட்டினேன். ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே வேண்டாம் என்றாள். சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தேன். நேற்றும் சொறிந்தேன். இன்று காலை வெள்ளைத் துணியை விரித்துக் குனிந்து நானே சீவினேன். ஏழு. அதில் ஒன்று நல்ல வயசானது, எனக்கு மரியாதை கொடுக்கிற அளவுக்குப் பழக்கமானது. எழில் போய் ஐந்து வாரம் ஆகிறது, அவள் தலையிலிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை. எல்லார் தலையையும் பார்த்தாயிற்று என்று உங்களுக்கு எழுதினேனே, என் தலையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஜரீனா பார்ப்பாள்தான். ஆனால் நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள், விரல் எங்கே போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஆக, பிள்ளை அங்கே போனால் உங்களுடையது, இங்கே வந்தால் என்னுடையது. நடுவில் கதவோரம் உட்கார்ந்தது அவள்.

உங்கள் சகலை, “நீயும் மொட்டை போட்டுக்கோ, குடும்பத்தோட பழனிக்குப் போய்ட்டு வந்ததா சொல்லிக்கலாம்” என்றார். அவருக்கு இன்று காப்பி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே எழிலைக் கூட்டி வாருங்கள். அவளுக்குக் கண் கூர்மை. நான் எவ்வளவு பேசினாலும் அவள் விரல் நிற்காது, வாயும் நிற்காது. அவள் வந்து பார்க்கும்வரை இந்தத் தலையை வேறு யாரிடமும் கொடுக்கப்போவதில்லை. மூன்று நாள்தானே, அரிக்கட்டும்.

பூவம்மா